சாரம் கட்டிய எலும்பு

ஓய், வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று லஸ் முனையில் பல் வைத்தியரின் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்துவிட்டேன். அவர் என் கழுத்தில் கட்டிவிட்ட துண்டு கழுத்திலேயே இருந்தது. ஈறில் வைத்த பஞ்சும் வாயிலேயே இருந்தது. மாடவீதி வரைக்கும் என்னை யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் கீரைக்காரிதான் கூடையை நகர்த்திக்கொண்டு கேட்டாள்: "இன்னா சாமி, சவரம் பாதியில கீது, எங்க ஓடிக்கினு கீற?"

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயசு. ஹாஸ்யக் கட்டுரை எழுதுகிறவன் என்று ஊரில் நாலு பேர் கைகாட்டுகிற கௌரவம் வேறு. பாவம், அந்தப் பல் வைத்தியர் ஒன்றும் செய்யவில்லை. பல் பிடுங்குகிற இடுக்கியைக்கூட எடுக்கவில்லை. பஞ்சைக் கிராம்புத் தைலத்தில் தோய்த்து வைத்தார், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது பல்வலி வாசனை. எனக்கு அது உம்முடைய மாடியறை வாசனை. அந்த வாசனை மூக்கில் ஏறினால், பல் இருக்கிற திசையே மறந்து, என் கை தானாக வலது காலைத் தடவிப் பார்க்கிறது. இருக்கிறதா என்று.

உமக்குத்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது. பதில் வராது என்பது தெரியும். உயிரோடு இருந்தபோதும் என் கடுதாசுக்கு எப்போது பதில் போட்டீர்?

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நீர் வைத்தியம் படித்தீர். ஆனால் உயிரோடு இருக்கிற மனுஷ்யனைத் தொட்டுப் பார்க்கிற வைத்தியம் உமக்குப் பிடிக்கவில்லை. மனுஷ்யனிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்து, அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இது நல்லதா கெட்டதா என்று சொல்கிற வேலைக்குப் போனீர். "நோயாளி பேசமாட்டான், அதனாலே பொய்யும் சொல்லமாட்டான்" என்று அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தீர். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டபோது, நானெல்லாம் "தவளையோடு குடித்தனம் பண்ணப் போறீரா" என்று கேலி செய்ய, நீர் மாடி வைத்து வீடு கட்டிக்கொண்டு போனீர். உம் மாடியறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எந்தப் பக்கமும் சவுக்குக் கம்பும் கயிறுமாகக் கொத்தனார் ஏறுகிற சாரம்தான். தெருவுக்கு நாலு வீடு பாதியில் நின்றது. அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் உம்முடைய மைக்ராஸ்கோப் இருந்தது. துணுக்கைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு முன்னால் கிராம்புத் தைலத்தில் போட்டுத் தெளிய வைப்பீர். உம் அங்கவஸ்திரம் வரைக்கும் அந்த வாசனை.

அந்த ஜன்னலடிக்கு என் காலும் ஒருநாள் வரும் என்று நாம் இரண்டு பேரும் நினைக்கவில்லை.

ஆனி மாசம் ஓடுகிற டிராமிலிருந்து குதித்தேன். மயிலாப்பூரில் டிராம் நின்று இறங்குகிறவனை யாரும் மதிப்பதில்லை என்பது உமக்கே தெரியும். அன்றைக்குக் கால் கொஞ்சம் பிசகியது. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சுளுக்கு என்று நினைத்தேன். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, வலி போகவில்லை. முழங்காலுக்குக் கீழே இருக்கிற இரண்டு எலும்புகளில் ஒல்லியான எலும்பின்மேல் ஒரு வீக்கம் கண்டது. முதலில் சுண்டைக்காய். அப்புறம் நெல்லிக்காய். என் சம்சாரம் அதற்கு மேல் காய் பெயர் சொல்லக்கூடாது என்று தடுத்துவிட்டாள். "ஏன்னா, விளையாட்டா இருக்கா உங்களுக்கு? உங்க சிநேகிதரண்ட காட்டுங்கோ" என்றாள்.

நீர் பார்த்தீர். சாதாரணமாக நாலு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருப்பீர். அன்றைக்கு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தீர். வெள்ளைக்கார சர்ஜன் ஒருவர் அந்தப் படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். டிராமிலிருந்து குதித்ததை நீர் அவரிடம் சொன்னீர். அத்தனை நாளைக்கு முந்திய அடி என்றால் இதற்குள் அடங்கியிருக்க வேண்டும், இது வளர்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, இந்தக் காலுக்கு ஏதாவது வைத்தியம் செய்தாயா, யாராவது கட்டுப் போட்டார்களா, பச்சிலை வைத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

புற்றாக இருந்தால் காலையே எடுக்கவேண்டுமாம்; அதைப் பார்க்க வீக்கத்திலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். ஆனால் சத்தம் மரத்துப்போக ஊசி கிடையாது. உளியால் எலும்பைச் செதுக்குகிற சத்தம் என் பல்லில் கேட்டது.

அப்புறம் காத்திருக்க வேண்டும் என்றீர். எலும்பைக் கத்தியால் மெல்லிசாகச் சீவ முடியாதாம். சுண்ணாம்புச் சத்து கரைந்துபோகும்வரை திராவகத்தில் ஊறவேண்டுமாம். "ஊறுகாய் மாதிரின்னு வைச்சுக்கும்" என்றீர். சிரித்தேன். வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்தபோது என் சம்சாரம் மாவடு போட்டாள். எழுந்துவிட்டேன்.

ஓய், அந்த நாட்களில் நான் எப்படிப் பயந்தேன் என்பதை உமக்கு முழுக்கச் சொன்னதில்லை. குளிக்கிற அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று வேஷ்டி கட்டிப் பழகினேன். இரண்டு தடவை அண்டாவில் விழுந்தேன். செருப்பு ஜோடியாகத்தானே விற்கிறான், இன்னொன்றை என்ன செய்வது என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். குளக்கரையில் ஒரு காலோடு உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரனைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போனேன். பிறகு ஒருநாள் திரும்பிப்போய், "எப்படிப்பா போச்சு?" என்று கேட்டேன். "அத்த கேட்டு இன்னா பண்ணப்போற சாமி, உனக்குத்தான் ரெண்டு கீதே" என்றான். அந்த வாரம் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர் பலர் வயிறு புண்ணாகச் சிரித்ததாகப் பத்திரிகைக்காரர் சொல்லியனுப்பினார். எழுதும்போது என் பற்கள் தந்தியடித்தது அவர்களுக்குக் கேட்கவில்லை போலும்.

துணுக்கு ஊறி, சீவி, சாயம் ஏறிக் கண்ணாடிக்கு வந்த அன்றைக்கு என்னை மாம்பலத்துக்கு வரச்சொன்னீர். மாடியேற என்னால் முடியாது என்று நீரே கீழே வந்தீர். கூடத்தில் புதுச் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. நீர் எதிரே உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி துடைத்தீர்.

"ஓய், மறைக்கப் போறதில்லை. எனக்கு மேலே இருக்கற எங்க பெரிய டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். கெட்டதுதான்னுட்டார். சர்ஜன் திங்கட்கிழமைக்கு நாள் வைச்சிருக்கார். முழங்காலுக்கு மேலே வெட்டறதுக்கு."

"நீர் என்ன சொல்றீர்?"

"அதான் தெரியலை. உடைஞ்ச எலும்பு ஒட்டறதுக்காக முதல்ல போடற எலும்பும், புற்று போடற எலும்பும் அண்ணன் தம்பி ஜாடை. ரெண்டும் அவசரம். ரெண்டுலயும் அணுக்கள் பெரிசு பெரிசா, கண்டபடி இருக்கும். வித்தியாசம் ஓரத்துலதான். உம்மதோட ஓரம் நன்னா இருக்கு. ஆனா நடுவுல இன்னும் ரத்தம் கசிஞ்சிருக்கு. நேத்திக்கு உடைஞ்ச மாதிரி புதுசு புதுசாப் போட்டுண்டே இருக்கு. நீர் குதிச்சது ஆனியில. இது ஐப்பசி. யாராவது காலை அசைக்கறாளா?"

"யாரும் தொடறதில்லை ஓய்."

"நன்னா யோசிச்சுச் சொல்லும்."

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். "இல்லை" என்றேன்.

நீர் தலையைக் குனிந்துகொண்டீர். "பொறுத்துப் பாக்கலாம்னு நான் எழுதிக் கொடுத்து, அது தப்பாப் போச்சுன்னா, கால் இல்லை, நீரே போயிடுவீர். வெட்டுன்னு எழுதி, அது தப்பாப் போச்சுன்னா, நல்ல காலை வெட்டினவன் நான். பயமா இருக்கு ஓய்." நீர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் பயத்துக்கு ஒரு துணை கிடைத்ததாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வலது காலை வேஷ்டியால் இழுத்து மூடிக்கொண்டேன்.

அடுத்தது சனிக்கிழமை. திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை. நீர் காலையிலேயே சொல்லியனுப்பாமல் எங்கள் வீட்டுக்கு வந்தீர். என்ன எழுதுவது என்று முடிவாகவில்லை, சும்மா என்னோடு உட்கார்ந்திருக்கலாம் என்று வந்ததாகப் பிற்பாடு சொன்னீர். என் சம்சாரம் கொல்லைப்புறத்தைக் காட்டினாள்.

அங்கே நான் இருந்த கோலத்தை வர்ணிக்க என் பேனாவுக்கே கூச்சம். கோவணத்தோடு பலகையில் மல்லாந்து கிடக்கிறேன். தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் வழிகிறது. தையல் போட்ட இடத்தில் வாழையிலையைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறது. நொச்சிக்குப்பத்து எல்லப்பன், கட்டுமரம் இல்லாத நாட்களில் மயிலாப்பூர் வீடுகளில் எண்ணெய் தேய்க்க வருகிறவன், என் வலது காலைத் தன் தொடைமேல் போட்டுக்கொண்டு, வாழையிலைக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து, கட்டுமரத்துக் கட்டையைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி அழுத்துகிறான்.

"இது யாரு?" என்றீர்.

"எல்லப்பன். எண்ணெய் தேய்க்கறான்."

"எத்தனை நாளா?"

"என்ன ஓய் கேள்வி? கல்யாணத்துக்கு முன்னாலேருந்து. சனிக்கிழமை சனிக்கிழமை."

"கால்ல?"

"காலை விட்டுட்டு எண்ணெய் தேய்ச்சுக்கறது எப்படி ஓய்?"

"டிராம்லேருந்து குதிச்ச அப்புறமும்?"

இதற்கு எல்லப்பனே பதில் சொன்னான். "அப்புறம்தான் சாமி ஜாஸ்தி. காலு கல்லு மாதிரி கீது, நல்லா அயுத்தி அமுக்குன்னாரு. நானும் வாரா வாரம் அத்த கரைச்சுடலாம்னுதான் பாத்துக்கினு கீறேன்."

நீர் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டீர். "யாரும் தொடறதில்லைன்னீரே" என்றீர் கடைசியில். உம் குரலில் கோபம் இல்லை. பரீட்சைத் தாளைத் திருப்பிப் பார்க்கிற பையன் குரல் அது.

"இது எண்ணெய் ஸ்நானம் ஓய்" என்றேன். இப்போது யோசித்துப் பார்த்தாலும் அதில் தப்புத் தெரியவில்லை. காலை யாராவது தொட்டார்களா என்று கேட்டால் எல்லப்பன் எப்படி ஞாபகத்துக்கு வருவான்? இன்றைக்கு மூச்சு விட்டீரா என்று கேட்டால் யாராவது யோசிப்பார்களா? அதைவிட வேடிக்கை, உம் தலையிலும் அன்றைக்கு நல்லெண்ணெய் மினுமினுத்தது. சனிக்கிழமை அல்லவா? கேட்கவேண்டும் என்று உமக்கும் தோன்றவில்லை.

சீயக்காய் தேய்க்க விடவில்லை நீர். "வாரும், அப்படியே வாரும்" என்று வேஷ்டியைச் சுற்றி என்னைத் தூக்காத குறையாக ஜட்காவில் ஏற்றினீர். எல்லப்பன் பின்னாலேயே வந்தான். "நானு இன்னா சாமி பண்ணேன்? போலீசுக்கா இட்டுக்கினு போறீங்க?" என்றான். வண்டிக்காரன் என்னைப் பார்த்து, "சீட்டு பூரா எண்ணெயாப் பூடும் நைனா" என்று முணுமுணுத்தான். ஆழ்வார்பேட்டை வழியாக, எண்ணெய் சொட்டச் சொட்ட, பட்டப்பகலில், மாம்பலம் வரைக்கும் போனேன். தெரிந்தவர்கள் வழியெல்லாம் நின்றார்கள். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்றும் தலைக்கு எண்ணெய் வைத்து வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறார்களென்றும் ஒரு செய்தி அன்றைக்கே கிளம்பியது. இன்றுவரை அது அடங்கவில்லை.

மாடிப்படியில் உம் தோளில் தொங்கிக்கொண்டு ஏறினேன். கிராம்புத் தைல வாசனை முகத்தில் அடித்தது. நீர் என் எலும்பு ஒட்டிய கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, கீழேயிருந்த சின்ன முகக்கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தீர். உம் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு மெதுவாக இறங்கியது. வாரக்கணக்காக உயர்ந்தே இருந்த தோள்கள் கீழே வந்தன.

"வாரும். உம்ம எலும்பை நீரே பாரும்."

"வேண்டாம் ஓய்."

"பாரும்ங்கறேன். ஒரு கண்ணை மூடாதேயும். ரெண்டு கண்ணையும் திறந்து வைச்சுக்கணும். அப்பத்தான் களைக்காது."

குனிந்தேன். வலக்கண்ணைக் குழாயில் வைத்தேன்.

"ரோஸ் கலர்ல கம்பு கம்பா இருக்கே, தெரியறதா?"

"தெரியறது."

"அதான் புது எலும்பு. ஜன்னலுக்கு வெளியே பாத்திருப்பீரே, அதே சாரம்தான். அவசரத்துல கட்டறது. குறுக்கும் நெடுக்குமா, ஒண்ணுமேல ஒண்ணு, கயிறு எங்கே போறதுன்னே தெரியாது. உள்ளே நாரெல்லாம் காக்காய்க் கூடு மாதிரி சிக்குண்டு கிடக்கும். நல்ல எலும்பு பாய் மடிச்சு அடுக்கின மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும். அது பின்னாலே வரும். முதல்ல சாரம். அப்புறம் சாரத்தைப் பிரிச்சுட்டு வீடு. இப்போ கம்போட ஓரத்தைப் பாரும். ஊதாவா, சதுரம் சதுரமா, என்ன தெரியறது?"

"என்ன ஓய் அது?"

"கொத்தனார். எலும்பைப் பூசற அணுக்கள். எப்படி உக்காந்திருக்கா பாரும், தோளோட தோள், ஒத்தர் விடாம, பந்தியில உக்காந்த மாதிரி. புற்றுல இந்த வரிசை கிடையாது. அங்கே பந்தியில இலை போடறதுக்குள்ளே எல்லாரும் எழுந்து நின்னு இடிச்சுண்டிருப்பா. இங்கே கட்டினதை வாரா வாரம் ஒருத்தன் வந்து இடிக்கறான். இடிச்ச இடத்துல ரத்தம். அதுமேல மறுபடியும் இவா உக்காந்து கட்டியிருக்கா. மறுபடியும் இடி. மறுபடியும் கட்டு. உம்ம எலும்புக்குப் பைத்தியம் இல்லை ஓய். எல்லப்பனோட சண்டை போட்டுண்டிருக்கு."

வாசற்படியில் நின்ற எல்லப்பன், "நானா?" என்றான்.

மறுநாளே நீர் சர்ஜனின் பங்களாவுக்குப் போனீர். எண்ணெய் ஸ்நானத்தை அவருக்கு விளக்க, அவருடைய பட்லரைப் பலகையில் படுக்கவைத்து அழுத்திக் காட்டினீராம். திங்கட்கிழமை வெட்டு நின்றது. கால் முழுக்க மாக்கட்டுப் போட்டார்கள். நெல்லிக்காய் கல்லாக இறுகி, மெல்ல மெல்லச் சுண்டைக்காயாகி, இப்போது தடவினால் மட்டும் தெரிகிற ஒரு மேடாக நிற்கிறது. அந்தக் கட்டுக்குள் இருந்த நாளெல்லாம் எல்லப்பன் சனிக்கிழமை தவறாமல் வந்து, தொடாமல், தூரத்தில் உட்கார்ந்து என் காலை முறைத்துவிட்டுப் போவான்.

இதோடு முடிந்திருந்தால் இது ஹாஸ்யக் கட்டுரைதான்.

போன மாசியில், யாரோ ஒருவருடைய துணுக்கைச் சீவும்போது உம் விரலில் ஒரு கீறல். கத்தி பட்டதே தெரியவில்லை என்றீர். விஷம் ரத்தத்தில் ஏறி ஜுரம் வந்தது. கை வீங்கியது, தோள்வரை சிவந்தது. அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை கட்டிலில் நீர், பக்கத்து ஸ்டூலில் நான். என்ன நடக்கிறது என்று உமக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தது. அதுதான் பயங்கரம். டாக்டர்கள் வந்து தைரியம் சொன்னால் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பீர்.

கடைசிச் சாயங்காலம் என்னை அருகே கூப்பிட்டீர்.

"பயமா இருக்கு ஓய்."

ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அன்னிக்குப் பாத்தீரே, கொத்தனார் வரிசை. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நான் இனிமே பாக்கப் போறதில்லை. நீர் சொல்லும், கேக்கறேன்."

சொன்னேன். ரோஸ் நிறக் கம்புகளைச் சொன்னேன். காக்காய்க் கூட்டைச் சொன்னேன். ஊதாச் சதுரங்கள் தோளோடு தோளாகப் பந்தியில் உட்கார்ந்திருந்ததை, ஒருவர்கூட எழுந்திருக்காததை, இடித்த இடத்தில் மறுபடி வந்து உட்கார்ந்ததைச் சொன்னேன். ஓரம் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று சொன்னேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினீர். "நன்னாப் பாத்திருக்கீர் ஓய்" என்றீர். "என்கிட்டே படிக்கற பசங்களுக்குக்கூட இவ்வளவு தெரியாது." அப்புறம் உமக்கு நினைவு தப்பிவிட்டது.

இப்போதெல்லாம் எனக்குப் பயம் வந்தால், அடிக்கடி வருகிறது, பல்லுக்கே வருகிறதே, காலின் மேட்டில் கையை வைத்துக்கொண்டு உம் குரலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்: முதல்ல சாரம், அப்புறம் வீடு. மாம்பலத்தில் உம் தெருவில் சாரமெல்லாம் பிரித்தாயிற்று. வரிசையாக வீடுகள் நிற்கின்றன. உம் ஜன்னல் சாத்தியிருக்கிறது.

துண்டைத் திருப்பிக் கொடுக்க நாளைக்குப் பல் வைத்தியரிடம் போகவேண்டும். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் பாக்கி. இரண்டு கண்ணையும் திறந்து வைக்கச் சொன்னீர். இடக்கண் திறந்துதான் இருந்தது. அதில் நீர்தான் தெரிந்தீர், உம் கன்னத்தில் என் எண்ணெய் அப்பியிருந்தது. குழாயில் வைத்த வலக்கண்ணை நான் பயத்தில் திறக்கவே இல்லை.